உதய்ப்பூர் வகுப்பறையில் கேமரா

ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகள் பல நாட்கள் பூட்டியே கிடந்தன. 2003-இல் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்களின் யோசனைப்படி சில பள்ளிகளுக்குக் கேமரா வந்தது. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் ஆசிரியரை ஒரு மாணவர் படமெடுக்க வேண்டும். அதில் பதியும் தேதியையும் நேரத்தையும் மாற்ற முடியாது. வந்த நாட்களுக்கேற்பவே சம்பளம்.

பலன்? கேமரா இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராத நாட்கள் 42 சதவீதம், இருந்தவற்றில் 21. சொல்லாமல் கொள்ளாமல் நேரில் போய்ப் பார்த்துத் திரட்டிய கணக்கு இது. கருவியை மட்டுமே நம்பிவிடாத அந்தக் கவனம் பாராட்டத்தக்கது.

இன்று இப்படிக் களத்தில் விவரம் திரட்டக் கைப்பேசியே போதும். 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஓடிகே என்ற இலவச மென்பொருள், இணையமில்லாத ஊரிலும் கேள்விகளுக்கான பதில்களைச் சேமித்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடும்.