மலைப்பாதையில் கொதிக்கும் ரேடியேட்டர்

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. மணாலிக்கு வடக்கே, ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரத்திலுள்ள ரோதங் கணவாயிலோ சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்குக் காற்றின் அழுத்தம் குறைவு. கொதிநிலையை உயர்த்தும் பொருட்டே மோட்டார் வண்டியின் ரேடியேட்டருக்கு விற்சுருள் பொருத்திய மூடி அமைக்கப்படுகிறது. உள்ளழுத்தம் சுமார் ஒரு வாயுமண்டல அளவு கூடும்வரை அது நீராவியை வெளிவிடாது. ஆகவே கடல்மட்டத்தில் கொதிநிலை 120 டிகிரியை எட்டுகிறது.

ஆபத்தும் இதில்தான் அடங்கியிருக்கிறது. எஞ்சின் அளவுமீறிச் சூடேறியதும் பலர் அவசரமாக இறங்கி மூடியைத் திருகுகின்றனர். அழுத்தம் நீங்கிய கணமே உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் பொங்கி முகத்திலும் கையிலும் பீறிட்டடிக்கும். ஈரத்துணியைப் போர்த்தித் திறப்பது பலருடைய வழக்கம். அது போதிய காப்பாகாது. எஞ்சினை நிறுத்தி, அரைமணி நேரமேனும் ஆறவிடல் வேண்டும். மேற்குழாயின் சூடு நன்கு தணிந்த பின்னரே மூடியைத் தொடலாம். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த ஓடைநீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் காணக்கூடும்.

கிணற்றுநீரிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் குழாய்களில் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். வாலைநீருடன் எதிலீன் கிளைக்கால் கலந்த திரவமே ஏற்றது. அது குளிரில் எளிதில் உறைவதுமில்லை. கிளைக்கால் இனிக்கும், ஆயினும் கொடிய நஞ்சு. அதைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றிவைக்கலாகாது.