கரை யாருடையது?

1904-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தை ஒட்டிய ஷாம்ப்ளேன் ஏரியில் ஒரு சிறு பாய்மரப் படகு சென்று கொண்டிருந்தது. ப்ளூஃப் என்பவரும் அவருடைய மனைவியும் இரு குழந்தைகளும் அதில் இருந்தனர். திடீரெனக் கடும் புயல் வீசியது. அருகே இருந்த தீவின் படகுத்துறையில் அவர்கள் படகைக் கட்டினர். அந்தத் தீவு தனியார் ஒருவருக்குச் சொந்தம். அவருடைய வேலையாள் வந்து கட்டை அவிழ்த்துவிட்டார். படகு கரையில் மோதி நொறுங்கியது. நால்வரும் நீரில் வீசப்பட்டுக் காயமுற்றனர்.

ப்ளூஃப் வழக்குத் தொடுத்தார். உயிருக்கு ஆபத்து நேரும்போது பிறர் இடத்தில் ஒதுங்குவது அத்துமீறல் ஆகாது, ஒதுங்கியவரை விரட்டுவதே தவறு என்று வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் 1908-இல் தீர்ப்பளித்தது.

இது ஆபத்துக் காலத்து நீதி. புயல் இல்லாத நாளில் சிறு படகுக்காரர் கரையேறலாமா? கயாக் என்னும் படகை எடுத்துக் கொள்வோம். வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் தோலால் செய்த குறுகிய படகு இது. இன்று பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி இழையிலும் செய்கிறார்கள். பெரும்பாலும் ஒருவரே அமர்ந்து துடுப்பு வலிக்க வேண்டும். சில மணி நேரத்தில் கை ஓய்ந்துவிடும். இறங்கி இளைப்பாற ஒரு துண்டுக் கரை வேண்டும். அந்தக் கரை யாருடையது?

பழைய விதி

காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை எல்லா மனிதருக்கும் பொது என்று ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்துச் சட்ட நூல் ஒன்று 533-ஆம் ஆண்டிலேயே கூறியது. கரை எதுவரை? குளிர்காலத்தின் மிகப் பெரிய அலை ஏறும் இடம் வரை என்றும் அது எல்லை வகுத்தது.

இந்தக் கருத்து இங்கிலாந்து வழியாக அமெரிக்கா சென்றது. அங்கே அது பொது நம்பிக்கைக் கோட்பாடு எனப்படுகிறது. கடலும் ஓதம் ஏறி இறங்கும் நிலமும் மக்களுடையவை. அரசு அவற்றின் காவலன் மட்டுமே என்பது இதன் சாரம். மிச்சிகன் ஏரியில் சிகாகோ நகரை ஒட்டிய நீரடி நிலத்தை இல்லினாய் மாநிலம் 1869-இல் ஓர் இரயில் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1873-இல் திரும்பப் பெற்றது. மக்களின் பொருளை அப்படித் தாரை வார்க்க அரசுக்கு உரிமை இல்லை என்று கூறி, திரும்பப் பெற்றது சரியே என 1892-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கோடு எங்கே?

பொது நிலம் எங்கே முடிகிறது, தனியார் நிலம் எங்கே தொடங்குகிறது? இங்கேதான் சட்டம் அறிவியலை நாடி வருகிறது.

கடல் மட்டம் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் உச்சம் அடையும். இந்த உச்சம் நாளுக்கு நாள் மாறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மிகுதியாக ஏறும். இடைப்பட்ட நாட்களில் குறையும். எந்த நாளின் உச்சத்தை எல்லையாகக் கொள்வது?

1935-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுக நிலம் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. 18.6 ஆண்டுகளில் ஏறிய உயர் ஓதங்களின் சராசரி உயரமே எல்லை என்றது.

அது என்ன 18.6? நிலவின் பாதை, சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையை ஏறத்தாழ 5 பாகைச் சாய்வில் இரு இடங்களில் வெட்டுகிறது. அந்த வெட்டுப் புள்ளிகளையே நம் முன்னோர் ராகு, கேது என்றனர். அவை மெல்லப் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கின்றன. ராகு சுமார் ஒன்றரை ஆண்டுக்கு ஒரு ராசி வீதம் பின்னோக்கிப் பெயர்வதாகப் பஞ்சாங்கம் சொல்வது இந்த நகர்வையே. இதற்கேற்ப நிலவு வடக்கிலும் தெற்கிலும் விலகும் அளவு மாறுகிறது. ஓதத்தின் அளவும் சிறிது மாறுகிறது. முழுச் சுற்றையும் கணக்கில் எடுத்தால்தான் சராசரி நேர்மையாக இருக்கும் அல்லவா?

ஆகவே, பல அமெரிக்க மாநிலங்களில் இந்தச் சராசரிக் கோட்டுக்குக் கீழே உள்ள ஈர மணலில் கயாக்கை இழுத்து வைத்து இளைப்பாறலாம். ஆனால் சாலையிலிருந்து தனியார் தோட்டத்தின் வழியே நடந்து அம்மணலை அடையும் உரிமை இதனால் வந்துவிடாது.

எங்கும் ஒரே விதியா?

இல்லை. மாசசூசெட்ஸ், மெய்ன் மாநிலங்களில் 1640-களில் பிறந்த குடியேற்றக் காலச் சட்டம், கரை நிலத்தின் உடைமையைத் தாழ் ஓதக் கோடு வரை தனியாருக்கு நீட்டித்தது. மீன்பிடித்தல், பறவை வேட்டை, படகோட்டுதல் ஆகிய மூன்றும் மட்டும் மக்களுக்கு மிஞ்சின. 1989-இல் மெய்ன் நீதிமன்றம் இம்மூன்றோடு நின்றது. கடற்கரையில் பொழுதுபோக்குவது இதில் அடங்காது என்றது. ஆனால் 2011-இல், நீருக்குள் மூழ்கி நீந்துவோர் ஓத நிலத்தைக் கடந்து கடலுக்குச் செல்லலாம் என்று தீர்ப்பளித்தது.

ஓதமே இல்லாத ஆறுகளில் என்ன செய்வது? மொன்டானா மாநிலம் 1985-இல் சட்டம் இயற்றியது. வழக்கமான உயர் நீர்க் குறி வரை மக்கள் ஆற்றைப் பயன்படுத்தலாம். நீர் நெடுநாள் நின்று, மண்ணிலும் செடிகொடிகளிலும் பதித்துச் சென்ற அடையாளமே அந்தக் குறி. குறுக்கே தடை இருந்தால், படகைத் தூக்கிக் கொண்டு கரை வழியே சுற்றிச் செல்லவும் இடமுண்டு.

நகரும் கோடு

1900-க்குப் பின் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. அளவில் உயர்ந்துள்ளது. 50 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவுள்ள மணற்கரையில் நீர் 10 செ.மீ. உயர்ந்தால், கோடு 5 மீட்டர் உள்ளே நகரும். மணல் தடையின்றி உள்வாங்கினால் கரையும் கூடவே நகரும். ஆனால், நிலத்துக்குரியவர் கற்சுவர் எழுப்பிவிட்டால் கோடு சுவரில் முட்டி நிற்கும். முன்னே இருந்த ஈர மணலை நீர் விழுங்கும். மக்களுடைய உரிமை காகிதத்தில் இருக்கும். கால் ஊன்ற இடம் இராது.

இந்தக் கேள்வி நமக்கும் உரியதே. பியாஸ் ஆற்றின் போக்கை ஒரு தங்கும் விடுதிக்காகத் திருப்பிய வழக்கில், பொது நம்பிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நம் உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியது. கடலோரக் கட்டடங்களை ஒழுங்குபடுத்தும் 1991-ஆம் ஆண்டு அறிவிக்கையும் உயர் ஓதக் கோட்டிலிருந்தே அளக்கத் தொடங்கியது. நம் மீனவருக்குக் கரை பொழுதுபோக்கு இடம் அன்று; கட்டுமரம் ஏற்றவும் வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் உள்ள வேலைத்தளம்.

அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, ஈர மணலும் உலர் மணலும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே சுவர் எழுந்தால் முதலில் இடம் இழப்பவர் சிறு படகுக்காரரே.