மலையிலிருந்து தட்டுக்கு: போன்சாய் மரம் உருவாகும் விதம்

போன்சாய் தனியொரு குள்ள மர இனம் அன்று. தட்டில் ஓரடி உயரம் நிற்கும் பைன் மரத்தை நிலத்தில் நட்டால், தன் இனத்துக்குரிய உயரத்தை நோக்கி அது வளரத் தொடங்கும். வேரையும் கிளையையும் தொடர்ந்து கவாத்து செய்வதே அதைச் சிறிதாக வைத்திருக்கிறது.

விதையிலிருந்து வளர்த்தால், தடித்த அடிமரமும் முதிர்ந்த பட்டையும் அமையப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் ஜப்பானியர் மலைகளில் இயற்கையே குறுக்கி வைத்த மரங்களைத் தேடி எடுத்தனர். இவற்றுக்கு ‘யமதோரி’ என்று பெயர். பாறை இடுக்கின் சொற்ப மண்ணும் பனிச்சுமையும் ஓயாத காற்றும் சேர்ந்து, ‘ஷிம்பாக்கு’ என்னும் ஜூனிப்பர் மரங்களை முறுக்கிக் குட்டையாக்கியிருந்தன.

மரத்தைப் பெயர்ப்பதில் சிக்கல் வேரில்தான் இருக்கிறது. நீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு தடித்த வேர்களுக்கு இல்லை. இளம் சல்லிவேர்களுக்கே உண்டு. தோண்டும்போது அறுபடுபவையும் அவைதான். இலைகளோ நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். எனவே குளிர்காலம் முடிந்து, மொட்டு விரியும் முன் மரம் எடுக்கப்படுகிறது. அப்போது நீர்ச்செலவு குறைவு. சேமித்த உணவும் மரத்தில் இருக்கும். ஊசியிலை மரங்களில் இலைகளை முற்றாகக் கழிக்கக் கூடாது. உணவு தயாரிப்பவை இலைகள். வேர்விடத் தூண்டும் ஆக்சின் என்னும் ஹார்மோன் உருவாவது தளிர்நுனிகளில். பழைய மண்ணிலும் ஒரு பகுதி வேரோடு விடப்படுகிறது. வேருக்கு நீரும் கனிமமும் சேர்க்கும் பூஞ்சைகள் அதில் வாழ்கின்றன.

எடுத்த மரம் நேரே தட்டுக்குப் போவதில்லை. நுண்துளைகள் கொண்ட எரிமலைக்கல் நிரப்பிய மரப்பெட்டியில், ஆடாமல் கட்டி வைக்கப்படுகிறது. வேருக்கு நீரோடு காற்றும் வேண்டும். மரம் ஆடினால் புதிய வேர்நுனிகள் அறுந்துவிடும். வளர்ச்சி வலுப்பெறும்வரை, பெரும்பாலும் சில ஆண்டுகள், வடிவமைப்பு தொடங்காது.

அடிமரம் மெலிந்திருந்தால், கீழே ஒரு கிளையை வெட்டாமல் ஓடவிடுவார்கள். அதன் இலைகள் தரும் உணவால் அதற்குக் கீழுள்ள தண்டு பருக்கும்; பருத்தபின் அக்கிளை நீக்கப்படும். நுனியைக் கிள்ளினால், அங்கிருந்து இறங்கும் ஆக்சின் நின்று, உறங்கும் பக்க மொட்டுகள் விழிக்கும். கிளை அடர்வது இப்படித்தான். செம்பு அல்லது அலுமினியக் கம்பி சுற்றி வளைத்த கிளை, புதிய மரத்திசு படிந்ததும் அதே வளைவில் நிலைக்கும். கம்பி பட்டையில் பதியும் முன் அகற்றப்பட வேண்டும். ஜூனிப்பரில் பட்டையின் ஒரு பகுதியை உரித்து, உள்மரத்தை வெள்ளையாகக் காட்டுவதும் உண்டு. வேரையும் கிளையையும் இணைக்கும் உயிருள்ள பட்டை ஒரு கீற்றாக எஞ்சினாலும் மரம் வாழும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தட்டு மாற்றும்போது பழைய வேர்கள் வெட்டப்படுகின்றன. இது மரத்தைப் பட்டினி போடுவதற்கன்று. புதிய சல்லிவேர்கள் கிளைக்க இடம் தருவதற்கு. இப்படிப் பேணினால் போன்சாய் நூற்றாண்டுகள் வாழும். 1625 முதல் பேணப்பட்டு, 1945இல் ஹிரோஷிமா அணுகுண்டுக்கும் தப்பிய ‘யமாகி பைன்’ என்னும் போன்சாய், 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டு இன்றும் வாஷிங்டனில் வளர்கிறது.

20ஆம் நூற்றாண்டில் அளவின்றி எடுத்ததால் ஜப்பானிய மலைகளில் நல்ல ஷிம்பாக்குகள் அருகிவிட்டன. நில உரிமையாளரின் அனுமதியின்றி எடுப்பது சட்டப்படி குற்றம். இப்போது பல போன்சாய்கள் போத்து நட்டும் விண்பதியன் போட்டும் வயல்களில் வளர்க்கப்படுகின்றன.