விலை இறங்கும், ஸ்பேர் இறங்காது

பத்து வருடம் ஓடிய ஜெர்மன் செடான் ஒன்று புது ஸ்விஃப்ட்டின் விலைக்கு விற்பனைக்கு வருகிறது. முதல் ஓனர் ஷோரூமில் எடுத்தபோது அதன் விலை ஐம்பது, அறுபது லட்சம். 'டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர், ஒரு ரூபாய் வேலை இல்லை' என்கிறது விளம்பரம். (பழைய சொகுசு கார்களை எல்லாம் டாக்டர்கள் மட்டும்தான் ஓட்டியிருக்கிறார்கள் போலும்.) உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தும்போது கேட்கும் அந்தக் கனமான சத்தத்துக்கே பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

அவர்கள் போட மறந்த கணக்கு ஒன்றுதான். காரின் விலை வருடா வருடம் இறங்குகிறது. அதன் ஸ்பேர் விலை இறங்குவதில்லை. நீங்கள் எட்டு லட்சத்துக்கு வாங்கியிருக்கலாம். ஆனால் அதில் இருப்பது அறுபது லட்சம் ரூபாய் காரின் ஹெட்லைட், அறுபது லட்சம் ரூபாய் காரின் கியர்பாக்ஸ். இந்த வகைக் கார்களில் ஹெட்லைட் என்பது பல்பு மாற்றிப் போடும் சமாச்சாரம் அல்ல. எல்.இ.டி., மோட்டார், கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் சேர்ந்த ஒரே பெட்டி. ஓரத்தில் விரிசல் விட்டாலும் முழுசாக மாற்ற வேண்டும். ஒரு பக்கத்துக்கே லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம்.

'இம்போர்ட்டட் கார்' என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை இங்கேயே கோக்கப்பட்டவை. பி.எம்.டபிள்யூ. 2007 முதல் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் கார்களை அசெம்பிள் செய்கிறது. மெர்சிடிஸ் புனே அருகே சாக்கனில். பாகங்களாக வந்து இங்கே கோக்கப்படும் காருக்கும் முழு வண்டியாகக் கப்பலில் வந்து இறங்கும் காருக்கும் பராமரிப்பில் நிறைய வித்தியாசம் உண்டு. முழுசாக வரும் விலையுயர்ந்த கார்களுக்குச் சுங்க வரி மட்டுமே காரின் விலையைத் தாண்டும். அந்த மாடல்கள் நாட்டில் குறைவாக ஓடுவதால் ஸ்பேரும் கிடங்கில் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வரும்வரை வண்டி ஷெட்டில் நிற்கும். ஆர்.சி.யில் இறக்குமதி வாகனம் என்று பதிவாகியிருந்தால் இன்னொரு செலவும் காத்திருக்கிறது. 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய். இது 2022 ஏப்ரலில் வந்த கட்டணம்.

எது எப்படிப் பழுதாகிறது என்பதற்கு ஏர் சஸ்பென்ஷனைப் பார்க்கலாம். பெரிய சொகுசு கார்கள் பலவற்றில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரம்பிய ரப்பர் பைகள் இருக்கும். நம் வெயிலிலும் வேகத்தடைகளிலும் அந்த ரப்பரில் மெல்லிய வெடிப்பு விழுகிறது. இரவு நேராக நிறுத்திய வண்டி, காலையில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்து, டயர் மேல் படுத்தாற்போல் நிற்கும். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரஸர் ஓடி மறுபடி தூக்கிவிடும். 'அதான் தூக்கிடுச்சே' என்று ஓட்டிக்கொண்டே இருப்பவர்கள் அதிகம். கசியும் பைக்குக் காற்று அடித்து அடித்து அந்தக் கம்ப்ரஸரும் ஒருநாள் எரிந்துபோகும். ஒரு பாகத்தின் செலவு இரண்டு பாகத்தின் செலவாவது இப்படித்தான். வாங்கும்போது காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது.

கியர்பாக்ஸ் ஆயில் இன்னொரு கண்ணி. 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று கார் கம்பெனிகள் சொல்வது வழக்கம். ஆனால் பி.எம்.டபிள்யூ., ஜாகுவார் உள்ளிட்ட பல கார்களில் இருக்கும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. வாரன்ட்டி முடியும்வரை தாங்கினால் போதும் என்பது கார் கம்பெனியின் ஆயுள் கணக்கு. உங்கள் கணக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

எல்லாவற்றுக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இதில் சட்டம் ஓரளவு உங்கள் பக்கம். 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ், ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஸ்பேரையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது குற்றம் என்றது ஆணையம். வெளியே வேலை பார்த்தாலே வாரன்ட்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. மேல்முறையீடு, ரிட் மனு என்று வழக்கு நீண்டது வேறு கதை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'ரைட் டு ரிப்பேர்' தளத்தைத் தொடங்கியபோது வாகனங்களையும் அதில் சேர்த்தது. அதனால், 'வெளியே டயர் மாற்றினீர்கள், இன்ஜின் வாரன்ட்டி போச்சு' என்று யாராவது சொன்னால், எந்த நிபந்தனைப்படி, வெளியே செய்த வேலைக்கும் இந்தப் பழுதுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

நடைமுறைச் சிக்கல் மென்பொருளில் இருக்கிறது. சில கார்களில் புது பேட்டரி போட்டால்கூடக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றிப் புதியதையும் கெடுத்துவிடும். ஆகவே தனியார் ஷெட்டில் முதலில் கேட்க வேண்டியது, 'இந்தக் கம்பெனி காருக்கு உங்களிடம் ஸ்கேனரும் கோடிங்கும் இருக்கிறதா?' என்பது. இருக்கிறது என்றால் பணம் நன்றாகவே மிச்சமாகும். காரின் லோகோ போட்ட டப்பாவில் வரும் பாகத்தை உண்மையில் செய்தது பாஷ், சாக்ஸ், மாலே போன்ற நிறுவனங்களாக இருக்கும். அதே பாகம் அவர்களின் சொந்த டப்பாவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம். பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் இருக்கிறது. கதவு, கண்ணாடி, இருக்கை வாங்க அது சரியான இடம். பிரேக் பேட், ஏர்பேக், ஸ்டியரிங் பாகங்களைப் பழையதாக எங்கேயும் வாங்க வேண்டாம். எதை வாங்கினாலும் பில் இருக்கட்டும். திருட்டு வண்டியின் பாகம் என்று பின்னால் பேச்சு வந்தால் அந்தக் காகிதம்தான் காப்பாற்றும்.

பழைய வண்டி வாங்கும்போது இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். மீட்டரைத் திருப்புவது இன்று ஒரு லேப்டாப் வேலை. ஆனால் ஓடிய தூரம் டாஷ்போர்டில் மட்டும் இருப்பதில்லை. சில கார்களில் வேறு கம்ப்யூட்டர் பெட்டிகளிலும், சாவியிலும்கூடப் பதிவாகிறது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, ஓனர் மூலமாகக் கம்பெனி சர்வீஸ் பதிவைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் ஓனரிடம் வண்டி வாங்காமல் இருப்பதே மிச்சம். அதே எண்ணை வைத்து ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டகாட்டா ஏர்பேக் போன்ற ரீகால் வேலைகளை எத்தனையாவது ஓனராக இருந்தாலும் இலவசமாகச் செய்து தருவார்கள். ஆனால் கம்பெனியின் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

டெல்லி வண்டி, பாண்டி வண்டி என்று வந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கு வந்த கட்டுப்பாட்டால் அவை அங்கிருந்து மலிவாக இங்கே வந்து இறங்குகின்றன. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதைத் தவிர்க்கப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்து இங்கே ஓட்டுபவர்கள் உண்டு. வெளிமாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் மறுபதிவு கட்டாயம். இங்குள்ள வரியும் கட்ட வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கைக்கு வருவதற்கு முன் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஷெட்டில் தகராறு வரும்போது பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவுப்படி, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க ஷெட்டுக்கு உரிமை உண்டு. அங்கே நின்று கத்திப் பயனில்லை. வண்டியை விடும்போதே எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள்; 'என்னைக் கேட்காமல் இந்தத் தொகைக்கு மேல் வேலை செய்ய வேண்டாம்' என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கழற்றிப் பார்ப்பதற்குக் கட்டணம் எவ்வளவு, வேலை வேண்டாம் என்று வண்டியை எடுத்துப்போனால் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். இத்தனைக்குப் பிறகும் பில் எகிறினால், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை வெளியே எடுங்கள். சண்டையை அப்புறம் நுகர்வோர் ஆணையத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அங்கே வக்கீல் இல்லாமலும் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம். கம்பெனியின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்தால் சில நிறுவனங்கள் அப்போதே இறங்கி வருவதுண்டு. கார் வழக்குகள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தயாரிப்பிலேயே கோளாறு என்பதை நிரூபிக்க நிபுணர் அறிக்கை இருக்காது. வண்டியைச் சோதிக்க உத்தரவிடும்படி ஆணையத்திடமே கேட்கலாம். புகாரோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். பொறுமையும் வேண்டும். 2009-இல் வாங்கிய பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் ஒன்றின் கோளாறு பற்றிய வழக்கில், 50 லட்சம் ரூபாய் கொடுத்து முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் கம்பெனிக்கு உத்தரவிட்டது 2024 ஜூலையில். அது கிரிமினல் புகாராகத் தொடங்கிய வழக்கு என்றாலும் காலக்கணக்கு கவனிக்கத்தக்கது. இன்னொன்று: நுகர்வோர் ஆணையத்தில் டீலர் மீது வழக்குப் போடலாம்; ஆனால் தன் சொந்தக் காரை விற்ற தனிநபர் வியாபாரி ஆகமாட்டார் என்பதால் அவர் மீது அங்கே போக முடியாது. அவர் ஏமாற்றினால் சிவில் கோர்ட்டும் போலீஸும்தான் வழி.

காப்பீட்டில் சொகுசு காரின் எதிரி மழைத் தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையின் அடித்தள பார்க்கிங்குகளில் எத்தனையோ கார்கள் மூழ்கின. பல மாடல்களில் பேட்டரியும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இருக்கைக்கு அடியிலோ டிக்கித் தரையிலோ இருப்பதால், தண்ணீர் இருக்கை மட்டம் வந்தாலே பெருஞ்செலவு. அதைவிட மோசமானது, தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதா பார்ப்போம்' என்று பட்டனை அழுத்துவது. காற்றுக்குழாய் வழியே உள்ளே போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளம் பாலிசியில் அடங்கும். ஆனால் வெள்ளத்துக்குப் பின் ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தது உங்கள் தவறு என்று கிளெய்மை மறுப்பார்கள். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தாலும் நிபந்தனைகளைப் படித்துவையுங்கள். மூழ்கிய வண்டியைத் தொடாமல் போட்டோ எடுத்து, டோ வண்டியை வரவழைப்பதே சரி.

இங்கேயும் அதே பழைய கணக்குதான். பாலிசியில் எழுதியிருக்கும் ஐ.டி.வி., அதாவது வண்டியின் காப்பீட்டு மதிப்பு, வருடா வருடம் இறங்கும்; ரிப்பேர் செலவு இறங்காது. ரிப்பேர் ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று முடித்துவிடுவார்கள். ஐ.டி.வி. 9 லட்சம் என்றால் 6.75 லட்சம்தான் எல்லை. முன்பக்கம் ஒரு நடுத்தர இடி, இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர், ஏர்பேக் போதும் அதைத் தொட. பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சப்படுத்த ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடச் சொல்லும் ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்காதீர்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் வரும், வண்டி புதிதாக இருந்தாலும். சொகுசு காரின் பம்பரும் பிளாஸ்டிக்தான். இந்தத் தேய்மானக் கழிவைத் தவிர்க்கும் 'ஜீரோ டெப்ரிசியேஷன்' கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும் வயதுவரை அதை விடாதீர்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால் சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள். பிறகு ஒரு வருடத்துக்குள் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

செலவு தாங்காமல் விற்றுத் தொலைக்கும் நாளில்தான் அவசரம் கண்ணை மறைக்கிறது. புரோக்கரிடம் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வண்டி யார் யார் கையோ மாறி எங்கோ விபத்துக்குள்ளானால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். வண்டியை அப்படிச் சான்று பெற்ற டீலரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால் அன்றிலிருந்து பொறுப்பு டீலருடையது. சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 29சி பதிவாகி ஒப்புகை கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.