பொழுதுபோக்கு ஏரியின் கரையை யார் பார்ப்பது?

காசு கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் ஏரியை விட்டுப் போய்விடக் கூடாது என்று, உபரிநீர் வழியும் கலிங்கின் குறுக்கே இரும்புக் கம்பித் தடுப்பு வைத்தார்கள். குதிரை வண்டிகள் எதிரும் புதிருமாகப் போக இடம் வேண்டும் என்று கரையின் உச்சியை வெட்டி அகலப்படுத்தினார்கள். அதில் கரையின் உயரம் சில அடி குறைந்தது. இரண்டும் உல்லாசத்துக்காகச் செய்த சிறு மாற்றங்கள். 1889 மே 31 அன்று அந்தக் கரை உடைந்தது. 2,209 பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த சவுத் ஃபோர்க் அணையின் கதை இது. படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க மாநில அரசு கட்டிய 72 அடி உயர மண் அணை. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலை இல்லாமல் போனது; அணை கைமாறிக் கைமாறித் தனியாரிடம் வந்தது. இடையில் வாங்கிய ஒருவர், அடியில் இருந்த ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். நீர்மட்டத்தை இறக்குவதற்கு இருந்த ஒரே மதகு அதுதான். 1879இல் அணையை வாங்கி, மேலே சொன்ன மாற்றங்களைச் செய்த மீன்பிடி, வேட்டைச் சங்கம் புதுக் குழாய் போடவில்லை. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக் போன்ற பெரும் செல்வந்தர்கள் அதன் உறுப்பினர்கள். ஆகவே, பணம் இல்லாமல் விட்ட வேலை அல்ல அது.

எச்சரிக்கையும் வராமல் இல்லை. 14 மைல் கீழே ஜான்ஸ்டவுனில் இருந்த கேம்ப்ரியா இரும்பாலையின் பொறியாளர் ஜான் ஃபுல்டன் 1880இல் அணையைப் பார்வையிட்டு, தண்ணீரை வடிக்க வழி இல்லை, முன்பு ஒருமுறை உடைந்த இடத்தைச் சரியாக அடைக்கவில்லை, கசிவு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். செலவில் பங்கு தருவதாக ஆலை சொல்லியும் சங்கம் ஏற்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பெருமழை பெய்தபோது, கலிங்கின் கம்பித் தடுப்பில் மரக்கிளையும் குப்பையும் சேர்ந்து நீரின் வழியை அடைத்தன. ஆட்கள் கரையின் மேல் மண்ணைக் கொட்டி உயர்த்தப் பார்த்தார்கள், பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டப் பார்த்தார்கள். அப்படியும் தண்ணீர் கரையைத் தாண்டியது.

மண் அணைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. கான்கிரீட் சுவர் என்றால், மேலே வழியும் நீரைச் சற்று நேரமாவது தாங்கும். மண் கரையிலோ, வெளிச்சரிவில் ஓடும் நீர் முதலில் சிறு பள்ளம் பறிக்கும். பள்ளம் ஆழமாக ஆக அதன் வழியே அதிக நீர் பாயும். அதிக நீர் பாயப் பாய இன்னும் ஆழமாக அரிக்கும். தொடங்கிவிட்டால் மனிதக் கையால் நிறுத்த முடியாது. அதனால்தான் அணைப் பராமரிப்பில் முதல் விதி, கலிங்கை எப்போதும் திறந்து வைத்திருப்பது. மீனுக்காக வலை, நடப்பதற்குப் பலகை, மட்டத்தைக் கூட்ட மணல் மூட்டை என்று எதை வைத்தாலும் அது வெள்ளத்தின் வழியைக் குறுக்குவதுதான்.

இரண்டாவது ஆபத்து உள்ளே இருந்து வரும். எல்லா மண் கரையும் ஓரளவு கசியும். கரையின் அடிவாரத்தில் ஊறும் நீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்த்தால் விஷயம் புரியும். நீர் தெளிவாக, மாறாத அளவில் வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஆனாலும் அளந்து குறித்துவைக்க வேண்டும். கலங்கலாக வந்தால், கரையின் மண்ணே கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். அந்த அரிப்பு வெளிப்புறத்தில் தொடங்கி, பின்னோக்கி ஏரியை நோக்கி ஒரு குழாய்போல வளரும். ஏரியைத் தொட்டுவிட்டால் உடைய அதிக நேரம் ஆகாது.

கரையில் நிழல் தரும் மரங்கள் கண்ணுக்கு அழகுதான். ஆனால் மரம் பட்டுப்போனால் அதன் வேர்கள் மக்கி, நீருக்கு ஆயத்த வழி ஆகிவிடும். புயலில் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு பகுதியையும் பெயர்த்துக்கொண்டு போகும். கரைக்கு ஏற்றது, ஒட்ட வெட்டிய புல். புல் குட்டையாக இருந்தால்தான் விரிசல், ஈரத் திட்டு, வளை தோண்டும் விலங்குகளின் பொந்து எல்லாம் கண்ணில் படும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவாவில் இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை சவுத் ஃபோர்க்கைவிடச் சிறியது; சுமார் 40 அடி. ஒரு சமயக் கல்லூரிக்குச் சொந்தம். 1957 வரை மின்சாரம் தந்தது; பிறகு வெறும் பொழுதுபோக்கு ஏரி. வெளிச்சரிவு மிகச் செங்குத்து, அதில் மரங்கள். 1973இல் சரிவின் ஒரு பகுதி சரிந்தும் இருந்தது. 1977 நவம்பர் 6, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில், மழையில் ஊறிய கரை உடைந்தது. கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் மாண்டார்கள். அணைகளைச் சோதிக்கச் சொல்லும் சட்டம் 1972இலேயே இருந்தும், அதற்கு நிதி ஒதுக்கி முழு வீச்சில் சோதனை நடந்தது இந்தச் சாவுகளுக்குப் பின்தான். அப்போது பார்த்த ஏறத்தாழ 9,000 அணைகளில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது.

அமெரிக்காவின் தேசிய அணைப் பதிவேட்டில் 90,000க்கும் மேற்பட்ட அணைகள் உள்ளன. பாதிக்கும் மேல் தனியாருடையவை. அங்கே ஓர் அணையின் அபாய வகையை நிர்ணயிப்பது அதன் உயரமோ வயதோ அல்ல. உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதுதான். கட்டும்போது கீழே வயல் மட்டும் இருந்திருக்கலாம். இன்று வீடுகள் வந்திருந்தால், கரையில் ஒரு கல்லும் மாறாமலே அணை உயர் அபாய வகைக்குப் போய்விடும்.

சொந்தமாக ஏரியும் கரையும் வைத்திருப்பவர் செய்ய வேண்டியவை அரிதானவை அல்ல. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கரையின் அடிவாரத்தில் நடந்து பார்க்க வேண்டும். மதகின் அடைப்பானை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து மூட வேண்டும். துருப்பிடித்து இறுகிய மதகு ஆபத்து வேளையில் உதவாது. குறித்த இடைவெளியில் பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும். உடைந்தால் வெள்ளம் எங்கெல்லாம் போகும் என்ற வரைபடமும், அங்கிருப்பவர்களின் தொலைபேசி எண்களும் கையில் இருக்க வேண்டும். ஜான்ஸ்டவுன் சாவுகளுக்காகச் சங்கத்தின் மீது போட்ட வழக்குகளில் யாருக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை. ஏரியின் சுகம் மேலே இருப்பவருக்கு, உயிர்ப்பயம் கீழே இருப்பவருக்கு என்ற கணக்கு எந்த நாட்டிலும் நியாயம் ஆகாது. கரைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பாதவருக்கு அணை வைத்திருக்கும் உரிமை இருக்கக் கூடாது.