முதுமையில் நீர்மூழ்கப் பயிலுதல்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. 919-ஆம் ஆண்டுக்குரியது, வாரியத்தார் 30 வயதுக்கு மேற்பட்டு 60-க்கு உட்பட்டோராதல் வேண்டுமென்றது; 921-ஆம் ஆண்டுக்குரியதோ அதனை 35 முதல் 70 என மாற்றிற்று. ஏரியைப் பேணும் ஏரி வாரியத்துக்கும் இவ்விதியே. எழுபதைக் கடந்தார்க்கு ஏரியின் ஆட்சியில் இடமில்லை என்பது இதனாற் பெறப்படும். நீருக்குள் இறங்குதற்கு இன்றைய மூழ்குபயிற்சிச் சாலைகள் வைத்துள்ள விதி வேறு. பத்து வயதுக்குக் குறைந்தாரை அவை பெரும்பாலும் சேர்ப்பதில்லை, மேலெல்லை வகுக்கவுமில்லை.

ஏரியிலும் கிணற்றிலும் நீந்தி வளர்ந்து, நரைத்தபின் ‘இனி நமக்கேன்?’ என்று கரையில் அமர்ந்துவிட்ட முதியோர் இப்பக்கத்து ஊர்களிற் பலர். அவர் பொருட்டே இக்கலையைச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

மூச்சுக்கு வேண்டிய காற்றை மூழ்குவோர் தாமே சுமந்து செல்லும் முறைக்கு ‘ஸ்கூபா’ என்பது பெயர். உருளையில் இருப்பது பிராணவாயு எனப் பலர் கருதுவர். அஃதன்று, நாம் உட்கொள்ளும் இதே காற்றுத்தான், ஏறத்தாழ இருநூறு மடங்கு அழுத்தித் திணிக்கப்பட்டது. அதனை அவ்வவ்விடத்து நீரழுத்தத்துக்கு ஒப்பத் தணித்து, உறிஞ்சும்போது மட்டும் வாய்க்கு அளிக்கும் கருவியை 1943-இல் பிரான்சு தேசத்துக் கூஸ்தோவும் கான்யானும் அமைத்தனர்.

ஆழம் பத்து மீட்டர் கூடுந்தோறும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகின்றது. ஆதலின் இறங்குங்கால் செவிப்பறை உள்நோக்கித் தள்ளப்படும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அதனைச் சமன்செய்தல் வேண்டும். ஏறுங்காலோ நுரையீரலிலுள்ள காற்று விரியும். அப்பொழுது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியவுங் கூடும். கிணற்றில் மூச்சடக்கி மூழ்கிப் பழகிய நம்மவர் முதலில் மறக்கவேண்டிய பழக்கம் இதுவே! மற்றபடி, 200 மீட்டர் நீந்துதலும் பத்து நிமிடம் மிதத்தலுமே வழக்கமான தேர்வு. விரைவு கேட்பாரில்லை.

முதியோர்க்கு நீர் நட்பாதற்குத் தக்க சான்று, 1956-இல் இலங்கையிற் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் கிளார்க். திருகோணமலைக் கடலடியில் பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டறிந்தோருள் அவரும் ஒருவர். இளம்பிள்ளை வாதத்தின் பின்விளைவால் நடை தளர்ந்த காலத்தும் அவர் மூழ்குதலை விட்டாரல்லர். நிலத்தில் உடலைச் சுமக்கமாட்டாத கால்கள் நீரிற் சுமக்கவேண்டுவதில்லையன்றோ?

இடர் இருப்பது காலில் அன்று, இதயத்தில். நீரில் அமிழ்ந்த அளவிற் கால்களின் குருதி மார்பை நோக்கிப் பெயரும். இதயத்தின் சுமை மிகும். மூழ்குங்கால் இறந்த முதியோரிடத்து இதயநோய் முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் காணப்படுகின்றது. எனவேதான் 45 வயது கடந்தோரை இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் முதலியன பற்றி வினாத்தாளில் தனியே வினவுகின்றனர். ஐயமுண்டாயின் மருத்துவர் கையொப்பம் வேண்டும்.

ஜெர்மானியத் திரைப்பட இயக்குநர் லெனி ரீஃபென்ஸ்டால் (இவர் நாஜிகளுக்குச் செய்த தொண்டினை நாம் போற்றுகின்றிலேம்) எழுபது வயது கடந்தபின் பயிலச் சென்று, தம் வயதை இருபதாண்டு குறைத்துரைத்தார். நூறாம் வயதாகிய 2002-இல் கடலடிப் படமொன்றும் வெளியிட்டார். இன்று அப்பொய் வேண்டுவதேயில்லை. அமெரிக்கரான வில்லியம் லாம்பர்ட் 98-ஆம் வயதிற் பயின்று, 2020-இல் தம் நூறாவது பிறந்தநாளன்று மூழ்கினார். வயதை மறைத்தவர்க்கு விளையுங் கேடு சிறிது. நெஞ்சுவலியை மறைத்தவர்க்கோ பெரிது.

உருளையின் பாரத்தை எண்ணி அஞ்சுவாருளர். அதனைப் படகிலேயே முதுகில் ஏற்றவேண்டுமென்பதில்லை. துணைவர் நீரில் மிதக்கவிட்டுப் பிடித்துத் தர, இறங்கியபின் அணியலாம். மூழ்கி எழுந்ததும் நீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டுப் படகேறலாம். முழங்கால் நோவுடையோர் பயிற்சிக்குச் சேருமுன்னரே இதனை ஆசிரியரிடம் சொல்லி வைத்துக்கொள்க.