பதிவுகள் இருந்தும் திறக்காத இணையத்தளம்: மொடியூல்களை எங்கே தேடுகிறது கணினி?

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் நண்பர் ஒருவர், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் சொன்னவற்றைப் பல வருடங்களாகப் பதிவுசெய்து வருகிறார். அவற்றை வைத்திருந்த சிறிய இணையத்தளத்தை அண்மையில் புதிய சேவையகத்துக்கு மாற்றினார். மடிகணினியில் ஒழுங்காக இயங்கிய தளம், அங்கே திறக்கவே இல்லை. மொடியூல் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற செய்தி மட்டுமே வந்தது.

வெள்ளவத்தையில் என் வீட்டில் இருந்து இருவருமாகக் காரணத்தைத் தேடினோம். பதிவுகள் எதுவும் அழிந்திருக்கவில்லை. அவற்றை எடுத்துக் காட்டும் நிரலின் ஒரு துண்டுதான் இல்லாமல் போயிருந்தது.

தளம் இயங்குவது நோட் ஜேஎஸ் என்ற மென்பொருளில். 2009ஆம் ஆண்டு வெளியான இது, ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சேவையகத்தில் இயக்குகிறது. திகதியை எழுதுவது, படத்தைச் சிறிதாக்குவது போன்ற வேலைகளுக்குப் பிறர் எழுதிய துண்டுகளைப் பயன்படுத்துவார்கள். அவையே மொடியூல்கள்.

ஒரு மொடியூலை இரண்டு விதமாக அழைக்கலாம். கோப்பு இருக்கும் பாதையைக் குறிப்பிட்டால் அது முழு விலாசம் எழுதிய கடிதம் போன்றது. நேரே அங்கு போகும். பெயரை மட்டும் சொன்னால் தேடவேண்டும். முதலில் நோட் ஜேஎஸ்ஸுடனேயே வரும் மொடியூல்களில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால், அழைத்த கோப்பு இருக்கும் கோப்புறையில் ‘நோட்_மொடியூல்ஸ்’ என்ற கோப்புறையைத் தேடும். அங்கும் இல்லையென்றால் அதற்கு மேலுள்ள கோப்புறை, அதற்கும் மேலுள்ளது என்று உச்சிவரை ஏறிப்போகும்.

நண்பரின் சிக்கல் இங்கேதான் இருந்தது. அவர் தளத்தின் கோப்புறையை வேறொரு பழைய வேலையின் கோப்புறைக்குள் வைத்திருந்தார். தேவையான மொடியூல் அந்த வெளிக் கோப்புறையில் இருந்தது. மடிகணினியில் தேடல் மேலே ஏறி அதைக் கண்டுகொண்டது. உள் கோப்புறையை மட்டும் பிரதிசெய்து அனுப்பியதும் அது கைவிட்டுப் போனது.

‘நோட்_பாத்’ என்ற அமைப்பில் கூடுதலான தேடும் இடத்தைக் குறிப்பிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். நாம் அதைச் செய்யவில்லை. அந்த அமைப்பு அந்தக் கணினியோடு நின்றுவிடும். புதிய ‘இம்போர்ட்’ முறை அதைக் கவனிப்பதும் இல்லை. பதிலாக, விடுபட்ட மொடியூலின் பெயரைத் தளத்தின் ‘பெக்கேஜ்.ஜேசன்’ கோப்பில் சேர்த்தோம். எந்தப் பதிப்பு என்பதை ‘பெக்கேஜ்-லொக்.ஜேசன்’ நிலைநிறுத்தும். பின்னர் வெற்றுக் கோப்புறை ஒன்றில் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையைக் கொடுத்து, பூட்டிய பதிப்புகளே நிறுவப்படுகின்றனவா என்று சோதித்தோம். தளம் திறந்தது.

பட்டியல் சரியாக இருந்தாலும் மொடியூல் காணாமல் போகலாம். 2016 மார்ச் 22 அன்று, பெயர் தொடர்பான தகராறு ஒன்றினால் நிரலாளர் ஒருவர் தனது 273 மொடியூல்களை என்பிஎம் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அவற்றில் ஒன்றான ‘லெஃப்ட்-பேட்’ வெறும் 11 வரிகள். அதை நம்பியிருந்த உலகெங்குமுள்ள மென்பொருட்களின் கட்டுமானம் தடைப்பட்டது. 2022இல் கொழும்பில் பல மணிநேர மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு, களஞ்சியத்தை எப்போதும் அடையலாம் என்ற நம்பிக்கையும் இருக்கத் தேவையில்லை.

எனவே ஆவணத் தளம் நடத்துவோர் மூன்று விடயங்களைச் செய்யலாம். நிறுவிய மொடியூல்களின் பிரதியையும் நோட் ஜேஎஸ் பதிப்பின் எண்ணையும் பதிவுகளோடு சேர்த்து வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் தளத்தை முதலிலிருந்து நிறுவிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சியங்களைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவும் சேமியுங்கள். அவற்றை வாசிக்க எந்த மொடியூலும் வேண்டாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. நண்பரின் பதிவுகள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, பேசிய குடும்பங்களிடமே.